கூழாங்கல் முதல் கரிசல் வரை: வாசகர் கேள்வி – பதில்

சின்னப் பிள்ளைகளுக்குக் கல், கனிமம், மண் பற்றிச் சொல்லித்தருவது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "பாறைகள் மூன்று வகைப்படும்" என்று ஆரம்பித்தால் ஜன்னலைப் பார்க்கிறார்கள். வேறு எங்கிருந்து தொடங்கலாம்?
— ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

ஜன்னலைப் பார்ப்பதில் தப்பில்லை. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை ஆகிய மூன்றும் பாறை பிறந்த விதத்தைச் சொல்லும் பெயர்கள். கையிலிருக்கும் ஒரு துண்டைப் பார்த்து அதன் பிறப்பைச் சொல்வது படித்தவர்களுக்கே சிரமம். ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாக வருவது பிரித்து அடுக்குவது. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆளுக்கு ஐந்து கல். ஐந்தாங்கல் ஆடுகிற கல்லைவிடக் கொஞ்சம் பெரியதாக, பெருநெல்லிக்காய்க்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிடச் சிறியது வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும். தம்பி தங்கை உள்ள வீடென்றால் எலுமிச்சை அளவுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். வாளித் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால்தான் உண்மையான நிறம் தெரியும்.

முதல் பிரிவு: மனிதர் செய்தது, மண்ணிலிருந்து வந்தது. செங்கல், ஓடு, கண்ணாடி, தார் ஒட்டிய ஜல்லி, கான்கிரீட் எல்லாம் "கல்" என்றுதான் வந்து சேரும். இவற்றில் ஏமாற்றுவது கான்கிரீட். சாம்பல் நிறப் பசைக்குள் வேறு நிறக் கல் துண்டுகளும் குண்டூசித் தலை அளவுக் காற்றுக் குழிகளும் தெரிந்தால் அது கான்கிரீட். இது முடிந்ததும் மீதியை எப்படிப் பிரிப்பது என்று பிள்ளைகளே முடிவுசெய்யட்டும். ஒரு குழு நிறத்தை வைத்துப் பிரிக்கும், இன்னொன்று வழவழப்பை வைத்து. "மினுங்குவது, மினுங்காதது" என்று எந்தக் குழுவாவது பிரித்தால் பாதிப் பாடம் அப்போதே முடிந்துவிடும், ஏனென்றால் அந்த மினுங்கல்தான் கனிமம்.

சேர்த்த கற்களை வைக்க முப்பது குழி முட்டை அட்டையே போதும். ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். வெள்ளை நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அழியாத மைப் பேனாவால் எண் எழுதுங்கள். எந்த எண் எந்த இடத்தில், என்றைக்கு எடுத்தது என்று நோட்டில் இருக்க வேண்டும். இடம் தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து மேலே எதுவும் கற்றுத்தர முடியாது.

கல்லுக்கும் கனிமத்துக்கும் என்ன வித்தியாசம்? என் மகனுக்குச் சொல்லப்போய் நானே குழம்பிவிட்டேன்.
— வாசகி, சேலம்

காராமிக்சரை ஒரு தட்டில் கொட்டுங்கள். பூந்தி, ஓமப்பொடி, கடலை, பொட்டுக்கடலை ஒவ்வொன்றும் ஒரு கனிமம். தட்டிலிருக்கும் மொத்தமும் பாறை. இந்த உவமையில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள்: மிக்சரில் எல்லாம் தனித்தனியாக உதிரும், கிரானைட்டில் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும்.

அடுத்து கிரானைட் கடைக்குப் போய் வெட்டி மீந்த துண்டு கேளுங்கள். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஒரு பக்கம் மெருகு, மறுபக்கம் சொரசொரப்பு என்று இருப்பதால் காசு கொடுத்து வாங்கும் கற்பெட்டியைவிட இது பாடத்துக்கு உதவும். விளிம்பு கையைக் கிழிக்கும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த பிறகு கொடுங்கள். பத்து மடங்கு லென்ஸில் மெருகுப் பக்கத்தைப் பார்த்தால் கண்ணாடி போலச் சாம்பலாகத் தெரிவது குவார்ட்ஸ். நம் ஊர் வெங்கச்சங்கல் முழுக்க இதுதான். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்புச் செதில் பெரும்பாலும் மைக்கா, அதாவது காக்காப்பொன். கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பதில் இவை தெரியவில்லையே என்று தேடாதீர்கள். அது பெரும்பாலும் டாலரைட் அல்லது காப்ரோ என்ற வேறு கரும்பாறை. வியாபாரத்தில் மெருகேறும் கெட்டிக் கல் எல்லாமே கிரானைட்தான்.

பிள்ளை "கல் உப்பு கனிமமா, கற்கண்டு கனிமமா?" என்று கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள். லென்ஸில் இரண்டுமே பட்டை பட்டையாக, படிகமாகத் தெரியும். உப்பு உயிரில்லாப் பொருளிலிருந்து வந்தது. பூமிக்கடியில் பாறை உப்பாகவும் கிடைக்கிறது. கற்கண்டு கரும்பிலோ பனையிலோ வந்த சர்க்கரை. ஆகவே உப்பு கனிமம், கற்கண்டு வெறும் படிகம். (உப்பளத்தில் பாத்தி கட்டி விளைவித்ததைக் கனிமம் என்று சொல்லலாமா என்று கறாராகப் பேசுகிறவர்கள் உண்டு. ஏழு வயதுக்கு அந்த வழக்கு வேண்டாம்.)

கனிமத்தின் கடினத்தன்மையை நாணயத்தால் கீறிப் பார்க்கச் சொல்கிறது ஆங்கிலப் புத்தகம். நம் ஒரு ரூபாயால் கீறினால் எல்லாமே கீறல் விழுகிறதே?
— அறிவியல் ஆசிரியர், திருச்சி

அந்தப் புத்தகம் சொல்வது செம்பு நாணயம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை ஏறக்குறைய 3. இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு. செம்பைவிட எவ்வளவோ கடினம். எலெக்ட்ரிக் கடையில் தடித்த செம்புக் கம்பி ஒரு சாண் வாங்கி, நுனியை மழுங்கத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் நகம் சுமார் 2½, செம்புக் கம்பி 3, இரும்பு ஆணி நாலரையை ஒட்டி, கண்ணாடி 5½. பிள்ளைகளுக்கு இந்த எண்கள் தேவையில்லை. "நகமே கீறும், கம்பி கீறும், ஆணி கீறும், எதுவும் கீறாது" என்று நான்கு கிண்ணம் வைத்தால் போதும். பல்பம் செய்யும் மாக்கல் முதல் கிண்ணத்தில் விழும், ஜிப்சமும் அங்கேதான். சுண்ணாம்புக்கல்லில் உள்ள கனிமமான கால்சைட் செம்புக்கு அருகில் நிற்கும். ஃபெல்ட்ஸ்பாரும் வெங்கச்சங்கல்லும் கடைசிக் கிண்ணம்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, வெங்கச்சங்கல்லில் ஆணியை இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும், பிள்ளைகள் "கீறிடுச்சு!" என்பார்கள். அது கல் ஆணியைத் தேய்த்து எடுத்த இரும்பு. ஈர விரலால் அழுத்தித் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால்தான் கீறல். இரண்டாவது, மழையில் வெயிலில் கிடந்த கல்லின் மேல்தோல் மக்கி மெத்தென்று இருக்கும். கருங்கல்கூட அங்கே கீறப்படும், ஆகவே புதிதாக உடைந்த முகத்தில்தான் சோதிக்க வேண்டும். மூன்றாவது, மணற்கல்லில் கீறல் விழுவதுபோலத் தோன்றும். அங்கே மணி மணியாக உதிர்கிறதே தவிர, மணிகள் கீறப்படவில்லை.

உடைப்பது பெரியவர் வேலை. சணல் சாக்கில் சுற்றி, கண்ணாடி அணிந்து, ஒரே அடி. பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும். உடைந்த தூளை ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கோட்டு நிறம், அதாவது கனிமத்தை உரசினால் விழும் கோட்டின் நிறம், பார்க்கத் தனிப் பலகை வாங்க வேண்டியதில்லை. பாத்ரூம் டைல்ஸின் பின்பக்கம், பளபளப்பு ஏறாத வெள்ளை முகம், அதுவே போதும். காவிக்கட்டியை அதில் இழுத்தால் செம்பழுப்புக் கோடு. கறுத்த இரும்புத்தாது சிலவும் அதே செம்பழுப்புக் கோடே தரும், அவற்றிலிருப்பது ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம். உருவம் வேறு, கோடு ஒன்று என்பது பிள்ளைகள் வாயைப் பிளக்கும் இடம்.

வாய் பிளப்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். முழுக்க இருட்டான அறையில் இரண்டு வெள்ளை வெங்கச்சங்கற்களை அழுத்தி உரசுங்கள். கல்லுக்குள்ளேயே மங்கலான ஆரஞ்சு ஒளி மின்னும், கருகிய வாடையும் வரும். கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

சுண்ணாம்புக்கல்லில் அமிலம் விட்டால் நுரைக்கும் என்பதால் சாக்பீஸில் வினிகர் விட்டோம். நுரைக்கவே இல்லை. பிள்ளைகள் முன்னால் சங்கடமாகிவிட்டது.
— தன்னார்வ ஆசிரியர், மதுரை

உங்கள் வினிகரில் குற்றமில்லை. நம் வகுப்பறைச் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தது. காய்ந்ததும் அது ஜிப்சம், கால்சியம் சல்ஃபேட். நுரைப்பது கால்சியம் கார்பனேட். முட்டை ஓடு, கிளிஞ்சல், கரிசல் காட்டில் கிடைக்கும் சுக்கான் கல் மூன்றும் நன்றாக நுரைக்கும். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு, ஆனால் குமிழி மெதுவாகவும் சிறியதாகவும் வரும், லென்ஸ் தேவைப்படும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. காய்ந்த செங்கல்லில் எதை விட்டாலும் துளைக்குள் இருந்த காற்று குமிழியாக வெளியேறும். ஆகவே முதலில் வெறும் தண்ணீர்ச் சொட்டு, பிறகு பக்கத்திலேயே வினிகர்ச் சொட்டு. இரண்டிலும் குமிழி வந்தால் அது காற்று. வினிகரில் மட்டும் வந்து தொடர்ந்து பொரிந்தால் கார்பனேட். நுரை வராத சாக்பீஸையும் தட்டிலேயே வைத்திருங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வெள்ளைப் பொருள்கள் வேறு வேறு என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் குலுக்கி வைத்தால் மணல், வண்டல், களி என்று அடுக்கு பிரியும் என்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஒரே சேறாக நிற்கிறது, அல்லது பத்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றாகப் படிந்துவிடுகிறது.
— தலைமையாசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

நீங்கள் சொல்லும் இரண்டும் இரண்டு வேறு கோளாறு. முதலில் சரியான முறை.

ஒரு லிட்டர் பாட்டில், பக்கம் நேராக இருக்க வேண்டும். வரி வரியாக நெளிந்த தண்ணீர் பாட்டிலில் அடுக்கை அளக்க முடியாது. மேல்மண்ணில் சருகு, வேர், கல்லை நீக்கி, நிழலில் காயவைத்து, கட்டியை நசுக்கி, 2 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலியுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண். மேலே நாலு விரல் இடம் விட்டுத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. மூடியை இறுக்கிப் பத்து நிமிடம் குலுக்க வேண்டும். ஒரே பிள்ளைக்குக் கை வலிக்கும், வரிசையாக ஆளுக்கு ஐம்பது தடவை என்று விடுங்கள். கீழே வைத்த பிறகு அசைக்கக்கூடாது. ஒரு நிமிடத்தில் படிந்த உயரத்தில் ஒரு கோடு: மணல். இரண்டு மணி நேரத்தில் இரண்டாவது கோடு: வண்டல். இரண்டு நாள் கழித்து மூன்றாவது: களி. மேலே மிதக்கும் சருகுத் தூள் மக்கு.

பத்து நிமிடத்தில் எல்லாம் படிந்தால் ஆழ்குழாய்த் தண்ணீர்தான் முதல் சந்தேகம். உப்புத் தண்ணீரிலும் கடின நீரிலும் உள்ள கால்சியம், மக்னீசியம், உப்பு எல்லாம் களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டிய கட்டி மணல் போலச் சட்டென்று கீழே போய்விடும். மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள். சோப்பு சேர்ப்பதும் துகள்கள் ஒட்டாமல் பிரிந்து நிற்கத்தான்.

சேறாகவே நின்றால் கரிசல். அதன் களித்துகள் அவ்வளவு நுண்மையானது, நாள் கணக்கில் மிதக்கும். கட்டிகள் குலுக்கலில் கரையாது, ஆகவே முந்தின இரவே அதே பாட்டிலில் ஊறவைத்துவிடுங்கள். இன்னொன்று, கரிசல் களி தண்ணீரில் உப்புவதால் மூன்றாவது அடுக்கு உள்ளதைவிடத் தடிப்பாகத் தெரியும். "பாதிக்கு மேல் களி" என்று சொல்லலாம். சதவீதம் எழுத வேண்டாம்.

கலங்கல் தெளியவே தெளியாது என்ற நிலை வந்தால் அதையும் பாடமாக்கலாம். அதே கலங்கலை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சிட்டிகை படிகாரத் தூள் போட்டுக் கிளறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பஞ்சு போலத் திரண்டு கீழே இறங்கும். கலங்கல் ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கப் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்தது இதே வேலைக்குத்தான். இதைச் செய்த டம்ளரை மறுபடி குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

கரிசலும் செம்மண்ணும் வேறு என்று பிள்ளைகளுக்கு நிறத்தைக் காட்டுகிறோம். நிறத்துக்கு மேல் வேறென்ன காட்டலாம்?
— ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

சுருங்குவதைக் காட்டுங்கள். பத்து செ.மீ. அகலமுள்ள இரண்டு பிளாஸ்டிக் மூடி எடுத்து, உள்ளே எண்ணெய் தடவுங்கள். ஒன்றில் கரிசல், மற்றதில் செம்மண், சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து விளிம்பு மட்டத்துக்கு நிரப்புங்கள். நிழலில் மூன்று நான்கு நாள். வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து இரண்டுமே வெடிக்கும், வித்தியாசம் தெரியாது. காய்ந்ததும் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்கட்டும். கரிசல் விளிம்பை விட்டு நன்றாக விலகி நடுவிலும் பிளந்திருக்கும். மணற்பாங்கான செம்மண் அநேகமாகப் போட்டபடியே நிற்கும். கரிசலில் உள்ள ஸ்மெக்டைட் வகைக் களி ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் விரியும், போனால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குக் காடு வெடிப்பதும், கரிசலில் கட்டிய சுவர் கீறல் விடுவதும் இதனால்தான்.

நிறம் பற்றிப் பல வகுப்பறைகளில் சொல்லப்படும் ஒரு பிழை: கறுப்பாக இருப்பதால் கரிசலில் மக்கு அதிகம் என்பது. அப்படியில்லை. கரிசலில் மக்கின் அளவு பொதுவாகக் குறைவுதான். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வந்தது என்பது சரி. அதற்குச் சாட்சியாகத் துருப்பிடித்த ஆணியைப் பக்கத்தில் வைக்கலாம்.

முறுக்குச் சோதனையும் செய்யலாம். ஈர மண்ணைப் பென்சில் தடிப்புக்கு உருட்டி வளைக்கச் சொல்லுங்கள். வளையமாக நின்றால் களி அதிகம், வளைக்கும்போதே ஒடிந்தால் நடுத்தரம், உருட்டவே வராவிட்டால் மணல். ஐந்து வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நாய் பூனை புழங்கும் இடத்து மண்ணை வகுப்புக்கு எடுக்காதீர்கள்.

என் நாலு வயது மகள் பல்பத்தைக் கடித்துத் தின்கிறாள், சுவர்ச் சுண்ணாம்பையும் சுரண்டுகிறாள். மண் பாடம் நடத்துவதால் இது கூடுமா?
— தாய், தஞ்சாவூர்

பாடத்தால் கூடாது. மண், பல்பம், சுண்ணாம்பு மீது தீராத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து அடிக்கடி காணப்படுவது. குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குடற்புழுவையும் அவர் கவனிப்பார். இரும்பு மருந்தை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். பழைய சுவர்ப் பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் சுரண்டுவதைக் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள்.

நாங்கள் பல்லாவரத்தில் இருக்கிறோம். மலைக்கு எத்தனை வயது என்று மகன் கேட்கிறான். 250 கோடி ஆண்டு என்றால் அவனுக்கு என்ன புரியும்?
— தந்தை, சென்னை

எண் யாருக்குமே புரியாது, நூல் புரியும். 4 மீட்டர் 60 செ.மீ. நூல் எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் பத்து லட்சம் ஆண்டு என்று வைத்தால் முழு நூலும் பூமியின் வயது. ஒரு நுனி இன்றைக்கு. அங்கிருந்து பின்னோக்கி இரண்டரை மீட்டரில் ஒரு முடிச்சு: உங்கள் பல்லாவரம் மலைப் பாறை. 12 செ.மீ.யில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்லான மரம். 6.6 செ.மீ.யில் டைனோசர்கள் முடிந்தன. 2 செ.மீ.யில் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக் கல்மரங்கள். மனித இனத்தின் வயது நூல் நுனியில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பேனா மைப் புள்ளி வைத்தாலே அதிகம். எட்டு வயதுக்கு மேல் இது நன்றாக எடுபடும். அதற்குக் கீழே "தாத்தாவின் தாத்தாவுக்கெல்லாம் முன்னால்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் மலைக் கல்லின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் போனது. அதே பாறையைப் பரங்கிமலை, பல்லாவரத்தில் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே வைத்துச் சார்னோகைட் என்றார். உலகப் புவியியல் பாடங்களில் இன்றும் அதே பெயர்தான்.

திருவக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். மரம் எப்படிக் கல்லானது என்று காட்ட முன்கூட்டியே வகுப்பில் ஏதாவது செய்யலாமா?
— பள்ளி ஒருங்கிணைப்பாளர், புதுச்சேரி

பாத்திரம் துலக்கும் மெல்லிய ஸ்பாஞ்சை மரத்துண்டு வடிவில் வெட்டுங்கள். 100 மில்லி வெந்நீரில் எப்சம் உப்பு 80 கிராம் கரைத்து, ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கி ஊறவைத்து, தட்டில் மின்விசிறிக்குக் கீழே நான்கைந்து நாள் காயவிடுங்கள். எடுத்தால் விறைப்பாக, கனமாக, ஓட்டைகளில் படிகம் அடைத்து இருக்கும். எடை பார்க்கும் தராசு இருந்தால் முன்னும் பின்னும் நிறுத்து எழுதட்டும். சமையல் உப்பில் செய்தால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து மறுபடி தளர்ந்துவிடும். இங்கே ஸ்பாஞ்சு உள்ளேயே அப்படியே இருக்கிறது. மரத்திலோ நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா (வெங்கச்சங்கல்லின் பொருள்) ஓட்டைகளை அடைத்து, காலப்போக்கில் மரப்பொருளின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அங்கே போய் ஆண்டு வளையத்தையும் கணுவையும் தாங்களே தேடுவார்கள்.

அங்கே ஒரு சில்லுகூடப் பையில் போடக்கூடாது. அது பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் சின்னம். காகிதத்தை மரத்தின் மேல் வைத்து மெழுகுக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் மரவரி அப்படியே காகிதத்தில் ஏறும். அதற்கும் முதலில் காவலரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் படம் வரைந்து வரட்டும்.